கைகட்டி நிற்பவருக்கு எத்தனை மதிப்பெண்?

பொதிகை மலையடிவாரத்தில், கடனாநதி தாமிரபரணியோடு கலக்கப் போகும் வழியில் இருக்கிறது ஆழ்வார்குறிச்சி. சிம்ப்சன் நிறுவனத்தை நடத்தி அமால்கமேஷன்ஸ் குழுமத்தைக் கட்டியெழுப்பிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் பிறந்த ஊர். இங்கே ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி இருக்கிறது. வயல் வேலையிலும் பீடி சுற்றியதிலும் வந்த காசில் படித்து வீட்டின் முதல் பட்டதாரிகளாக வரும் பிள்ளைகள் இந்த வட்டாரத்துக் கல்லூரிகளில் ஏராளம். கடைசி ஆண்டு வந்ததும் அவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி தொடங்கிவிடும். பயிற்சி எங்கே நடந்தாலும் அறிவுரை அநேகமாக ஒன்றேதான்: கைகளைக் கட்டாதே, கேட்பவரின் கண்ணைப் பார், நிமிர்ந்து உட்கார், உறுதியாகக் கை குலுக்கு, சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருக்காதே. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேர் எதிரானதைத்தான் அந்தப் பிள்ளைக்கு வீடும் பள்ளியும் தெருவும் இத்தனை ஆண்டுகளாகக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. உடல்மொழி நேர்முகத் தேர்வின் முடிவை மாற்றும் என்பதற்கு வலுவான ஆய்வுச் சான்று உண்டு. அதே ஆய்வுகள் இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்கின்றன. ஒருவர் வேலையை எப்படிச் செய்வார் என்பதைப் பற்றி அவருடைய உடல்மொழி மிகக் குறைவாகவே தெரிவிக்கிறது. விண்ணப்பதாரரிடம் தெரியும் தயக்கத்தில் ஒரு பங்கை உண்டாக்குவதே எதிரில் உட்கார்ந்து மதிப்பெண் போடுபவர்தான். இந்த இரண்டையும் விட்டுவிட்டு முதல் செய்தியை மட்டும் மாணவர்களுக்குச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

பெரியவர்கள் முன்னால் உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தச் சீமையில் எழுதாத இலக்கணம் ஒன்று இருக்கிறது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரும் இளைஞர், எதிரே மதிப்புக்குரிய அண்ணாச்சி ஒருவர் வருவதைப் பார்த்ததும் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிடுவார். நின்று பேசும்போது கைகள் நெஞ்சுக்குக் குறுக்கே மடங்கும். பார்வை பெரியவரின் முகத்தில் ஒரு கணம் பட்டுவிட்டுத் தரைக்கு இறங்கும். வகுப்பறையில் ஆசிரியர் கையைக் கட்டச் சொன்னால், கவனமாகக் கேள் என்று பொருள். மேலைநாட்டு உடல்மொழிக் கையேடுகளோ, கட்டிய கையை மனத்தை மூடிக்கொண்டவரின் அடையாளமாகப் படிக்கின்றன. தலையசைப்பும் அப்படித்தான். இடமும் வலமுமாக மெல்ல ஆடும் தலை நம்மிடையே ‘சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்கிறது. வெளிநாட்டிலிருந்து காணொலியில் பேசும் மேலாளருக்கு அது மறுப்பாகவே படக்கூடும். இந்த இலக்கணத்தில் இருப்பது மரியாதை மட்டுமே என்று சொல்லிவிடவும் முடியாது. யார் துண்டைத் தோளில் போடலாம், யார் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், எந்தத் தெருவில் யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று சாதி உடம்புக்கு விதித்த கட்டளைகளின் தழும்பும் அதில் இருக்கிறது. பக்கத்திலுள்ள தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் அரச பிரகடனத்தைப் பெற்றார்கள். உடம்பைத் தாழ்த்திக் காட்டுவது ஒரு காலத்தில் அடி வாங்காமல் வீடு திரும்பும் வழியாக இருந்தது. அந்தப் பழக்கத்தின் மிச்சத்தைச் சுமந்து வரும் ஒருவரைப் பார்த்து, தேர்வுக்குழு ‘தன்னம்பிக்கை குறைவு’ என்று எழுதும்போது அவருடைய திறமை அளக்கப்படுவதில்லை. அவர் வளர்ந்த தெரு அளக்கப்படுகிறது.

பயிற்சி வகுப்புகளில் உடல்மொழியின் பெருமையை நிலைநாட்ட ஒரு கணக்கு சொல்வார்கள். ஒருவர் பேசுவதில் சொற்களின் பங்கு 7 சதவீதம், குரலின் பங்கு 38, மீதி 55 சதவீதமும் முகமும் உடம்பும் பேசுவது என்பார்கள். இந்த எண்களின் பிறப்பிடம், அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகள். அவற்றில் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒற்றைச் சொற்கள் வெவ்வேறு தொனிகளில் கேட்கவைக்கப்பட்டன. ஓர் ஆய்வில் கூடவே முகங்களின் புகைப்படங்களும் காட்டப்பட்டன. பேசுபவருக்கு எதிராளியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டுமே கேட்டவர்கள் ஊகிக்க வேண்டும். சொல் ஒன்றும் முகம் இன்னொன்றும் சொல்லும்போது மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதே கேள்வி. ஒரு பொறியாளர் பாலம் எவ்வளவு பளு தாங்கும் என்று விளக்குவதற்கும் இந்தக் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. உணர்ச்சியையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தச் சூத்திரம் பொருந்தாது என்று மெஹ்ராபியனே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அது ஓயவில்லை. பாடத்தில் கெட்டிக்காரியான ஒரு மாணவி, தன் பதிலுக்கு 7 சதவீத மதிப்புதான் என்று நம்பிக்கொண்டு, தேர்வுக்கு முந்தைய இரவைக் கண்ணாடி முன்னால் கழித்தால் அந்த இழப்புக்கு யார் பொறுப்பு?

‘அதிகார நிலை’ என்ற இன்னொரு வித்தையின் கதையும் இதே போன்றதுதான். தேர்வறைக்குள் போகும் முன் இரண்டு நிமிடம் கைகால்களை அகட்டி விரித்து இருந்தால் உடம்பில் ஹார்மோன்களே மாறித் துணிச்சல் வரும் என்று 2010இல் டானா கார்னியும் ஏமி கடியும் ஆண்டி யாப்பும் எழுதினார்கள். ஆய்வில் பங்கேற்றவர்கள் 42 பேர். 2012இல் கடி நிகழ்த்திய டெட் உரையால் அது உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. 2015இல் ஈவா ரானஹில் குழுவினர் 200 பேரை வைத்துச் செய்து பார்த்தபோது, துணிச்சலாக உணர்ந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்களே தவிர, ஹார்மோன்களிலும் நடத்தையிலும் மாற்றம் எதுவும் தென்படவில்லை. முதல் கட்டுரையின் முதன்மை ஆசிரியரான கார்னியே 2016இல், அந்த விளைவு உண்மை என்று தாம் இனி நம்பவில்லை எனப் பகிரங்கமாக எழுதினார். அறிவியலில் பாராட்ட வேண்டிய நேர்மை அது. நம் பயிற்சிக் கூடங்களின் சுவரொட்டிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்படியானால் உடல்மொழிக்கு விளைவே இல்லையா என்றால், உண்டு. அதை மறைக்கக் கூடாது. இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த நளினி அம்பாடி, ராபர்ட் ரோசந்தாலுடன் சேர்ந்து 1993இல் வெளியிட்ட ஆய்வு உளவியலில் புகழ்பெற்றது. ஹார்வர்டில் பாடம் நடத்திய 13 பேரின் காணொலியிலிருந்து பத்துப் பத்து விநாடித் துண்டுகளை எடுத்து, ஒலியை நிறுத்திவிட்டு, அவர்களை முன்பின் அறியாதவர்களுக்குக் காட்டினார்கள். அந்த அந்நியர்கள் போட்ட மதிப்பெண், பருவம் முழுக்க அந்த ஆசிரியர்களிடம் படித்த மாணவர்கள் கடைசியில் போட்ட மதிப்பெண்ணோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போனது. ஒரு சில விநாடிகளில் மனிதர்கள் கருத்து உருவாக்கிவிடுகிறார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் இதில் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்நியர்களின் மதிப்பெண்ணும் அபிப்பிராயம். மாணவர்களின் மதிப்பெண்ணும் அபிப்பிராயம். ஓர் அபிப்பிராயம் இன்னொன்றோடு ஒத்துப்போனதே தவிர, மாணவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பது அங்கே அளக்கப்படவில்லை. வேலைத் தேர்வில் இந்த இடைவெளியை நேராக அளந்தவர்கள் மர்ரே பாரிக்கும் அவருடைய சகாக்களும். 2009இல் அவர்கள் பல ஆய்வுகளைத் திரட்டிச் செய்த தொகுப்பாய்வில், தோற்றமும் பேச்சு நயமும் உடல்மொழியும் தேர்வாளர் போடும் மதிப்பெண்ணை வலுவாகப் பாதித்தன. அதே கூறுகளுக்கும் பிறகு வேலையில் காட்டிய திறனுக்கும் இருந்த தொடர்பு அதைவிட வெகுவாகக் குறைவு. கேள்விகள் ஒழுங்குபடுத்தப்பட்ட தேர்வுகளில் தோற்றத்தின் செல்வாக்கும் குறைந்தது. இந்தக் கட்டுரையின் வாதம் முழுவதற்கும் அடித்தளம் இந்தக் கண்டுபிடிப்புதான்.

கண்ணைப் பார்த்துப் பேசுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வட்டாரப் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது அதில்தான். பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கை உலகப் பொதுவானது. 2006இல் வெளியான, 75 நாடுகளை உள்ளடக்கிய ஆய்வில் பொய்யின் அடையாளமாக மக்கள் மிக அதிகமாகச் சொன்னது இதைத்தான். அதே ஆண்டில் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, உண்மையையும் பொய்யையும் பிரித்தறிவதில் மனிதர்களின் சராசரி வெற்றி 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் நம்பத்தகுந்த தொடர்பு எதுவும் ஆய்வுகளில் தெரியவில்லை. பார்வை விலகுவதற்கு வேறொரு நல்ல காரணம் உண்டு. ஆர்தர் கிளென்பெர்க் குழுவினர் 1998இல் காட்டியபடி, கேள்வி கடினமாக ஆக ஆக மனிதர்கள் எதிரில் இருப்பதிலிருந்து பார்வையை எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்துக்கொண்டபோது அவர்களின் பதில் கூடுதலாகச் சரியாக இருந்தது. ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதே மூளைக்கு ஒரு வேலை. கணக்கு போடுகையில் கூரையைப் பார்க்கும் பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறது. அந்த விநாடியில் ‘என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று அதட்டும் தேர்வாளர், தாம் கேட்ட கேள்விக்கான பதிலைத் தாமே கலைக்கிறார்.

மறுபக்க நாற்காலிக்கு வருவோம். 1974இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கார்ல் வேர்ட், மார்க் ஸன்னா, ஜோயல் கூப்பர் மூவரும் செய்த சோதனைக்கு இரண்டு பகுதிகள். முதல் பகுதியில் வெள்ளையின மாணவர்கள் தேர்வாளர்களாக இருந்து வெள்ளையின, கறுப்பின விண்ணப்பதாரர்களை நேர்காணல் செய்தார்கள். விண்ணப்பதாரர்கள் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளப் பழக்கப்பட்டவர்கள். கறுப்பினத்தவர் வந்தபோது தேர்வாளர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், வெள்ளையினத்தவருக்குக் கொடுத்த நேரத்தில் கால்பங்கைக் குறைத்து முடித்துக்கொண்டார்கள். இரண்டாம் பகுதிதான் முக்கியம். அந்த இரண்டு விதமான நடத்தையையும் தேர்வாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, இம்முறை வெள்ளையின மாணவர்களை மட்டும் விண்ணப்பதாரர்களாக உட்காரவைத்தார்கள். விலகி உட்கார்ந்து தடுமாறிப் பேசிய தேர்வாளர் முன்னால் இருந்தவர்கள் கூடுதலாகப் பதறினார்கள், மோசமாகப் பதில் சொன்னார்கள். இந்த மதிப்பீட்டைச் செய்தவர்கள் காணொலியில் விண்ணப்பதாரரை மட்டும் பார்த்த, விவரம் தெரியாத நடுவர்கள். யாரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும், அலட்சியமாக நடத்தினால் அவர் திறமை குறைந்தவராகத் தெரிவார் என்பதே முடிவு. இது பழைய ஆய்வு, சிறிய ஆய்வு என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அதிகார நிலை ஆய்வைச் சிறியது என்று தள்ளிவிட்டு இதை ஏற்பது நியாயமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேறுபாடு என்னவென்றால், இரண்டு நிமிட நிலை ஹார்மோனை மாற்றும் என்ற பெரிய கூற்றைப் பெரிய ஆய்வு சோதித்துத் தோற்கடித்தது. பிரின்ஸ்டன் ஆய்வின் கூற்றோ எளியது: நடத்தைக்கு நடத்தை எதிரொலிக்கும். மனிதர்கள் எதிராளியின் அசைவுகளைத் தம்மை அறியாமலே பின்பற்றுகிறார்கள் என்று 1999இல் தான்யா சார்ட்ராண்டும் ஜான் பார்கும் காட்டியதும் இதே திசையில்தான் நிற்கிறது.

நம் ஊர்த் தேர்வறையில் இந்த எதிரொலி எப்படி வேலை செய்யும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. உள்ளே வந்து ‘வணக்கம் சார்’ என்பவருக்குப் பதில் வணக்கம் இல்லை. கோப்பைப் புரட்டியபடியே ஒரு கேள்வி. பாதிப் பதிலில் கைபேசி ஒலிக்கிறது. தமிழில் தொடங்கிய பேச்சு திடீரென ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. பிறகு ‘அப்பா என்ன செய்கிறார்?’ சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் தில்லிப் பகுதியின் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் எழுதிய கட்டுரையில், சாதி பார்ப்பதில்லை, தகுதி மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணி தங்களுக்கு முக்கியம் என்றும் சொன்னது பதிவாகியிருக்கிறது. தாய் பீடி சுற்றுகிறார் என்று சொல்ல வேண்டிய பிள்ளையின் குரல் அந்த இடத்தில் ஒரு படி இறங்கினால், அதை உடல்மொழிக் குறை என்று எழுதுவது எவ்வளவு கொடுமை! அந்தக் கேள்விக்கும் அவர் செய்யப்போகும் வேலைக்கும் தொடர்பே இல்லை என்றால் அது தேர்வறையில் கேட்கப்படவே கூடாது.

இதற்கு அனுபவசாலிகளின் பதில் ஒன்று உண்டு: ‘முப்பது வருஷமா ஆள் எடுக்கிறேன், பார்த்ததுமே சொல்லிவிடுவேன்.’ அந்த உறுதியின் மதிப்பு என்ன என்பதையும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். ஜேசன் டானாவும் சகாக்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் வேறு மாணவர்களை நேர்காணல் செய்து அவர்களின் தேர்வு மதிப்பெண்ணை முன்கூட்டியே கணிக்க வேண்டும். நேர்காணல் செய்யாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கணித்தபோது கிடைத்த துல்லியம், நேர்காணலுக்குப் பிறகு குறைந்தது. ஒரு பிரிவில் பதில் சொல்பவர்கள் கேள்விக்குத் தொடர்பில்லாத ஒரு விதிப்படி ஏனோதானோவென்று பதில் சொன்னார்கள். அப்போதும் கேட்டவர்கள் எதிராளியைப் பற்றி நன்றாகப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள். பார்த்ததும் உண்டாகும் உறுதி, சரியாகக் கணித்ததற்கு அடையாளமாகாது. பால் சாக்கெட் குழுவினரின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு இதை எண்ணில் சொல்கிறது. தேர்வு முறைக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் உள்ள பொருத்தத்தை 0 முதல் 1 வரை அளந்தால், எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒவ்வொரு பதிலுக்கும் முன்பே வகுத்த மதிப்பெண் என்ற ஒழுங்குடன் நடக்கும் நேர்காணலுக்கு 0.42 கிடைக்கிறது, தோன்றியதைக் கேட்டு மனத்தில் பட்டதைப் போடும் நேர்காணலுக்கு 0.19. அந்த அறை, அந்த மேசை, அந்த ஆட்களே இருந்தாலும் முறையை மாற்றினாலே பயன் இரு மடங்குக்கு மேல் உயர்கிறது.

நம் நீதிமன்றங்கள் இந்த ஆபத்தை உளவியலாளர்களின் இந்த எண்கள் வருமுன்பே உணர்ந்திருந்தன. அதிலும் முக்கியமான ஒரு வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே போனது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண் ஒதுக்கி, அதை எந்தெந்தத் தலைப்புகளில் பிரித்துப் போட வேண்டும் என்று அரசே விதி வகுத்திருந்தும், தேர்வுக்குழு தலைப்பு பிரிக்காமல் மொத்தமாக மதிப்பெண் போட்டதை, பெரியகருப்பன் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் தவறு என்றது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி பற்றிய அஜய் ஹாசியா வழக்கில், 1980 நவம்பரில், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இரண்டு மூன்று நிமிட நேர்காணலுக்கு ஒதுக்கியதைத் தன்னிச்சையானது என்று சொன்னது. 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் கூறியது. இன்று மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் 2025 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 275. 2015 சுதந்திர தின உரையில் பிரதமர் விடுத்த அழைப்புக்குப் பிறகு, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலே நீக்கப்பட்டுவிட்டது. முழுவதும் எடுத்துவிடுவதே தீர்வா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. சாக்கெட் குழுவின் பட்டியலில் ஒழுங்குள்ள நேர்காணல் முன்வரிசையில் நிற்கிறது; அதைத் தூக்கி எறிந்தால் எழுத்துத் தேர்வுக்குத் தனிப்பயிற்சி பெறக் காசு உள்ளவர்களுக்கே அனுகூலம். எடுக்க வேண்டியது ஒழுங்கின்மையை.

இயந்திரத்திடம் விட்டால் பாரபட்சம் போய்விடும் என்பாரும் உண்டு. காணொலி நேர்காணல் நடத்தும் ஹயர்வியூ என்ற அமெரிக்க நிறுவனம், முக அசைவுகளையும் கணித்து மதிப்பெண் போடும் மென்பொருளை விற்றது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு, முகப் பகுப்பாய்வைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. மனிதர் தவறாகப் படிக்கும் அடையாளத்தை மனிதரிடமிருந்தே கற்ற இயந்திரம் மட்டும் எப்படிச் சரியாகப் படிக்கும்?

இன்னும் கனமான ஆட்சேபம் இதுதான்: விற்பனையாளர், வரவேற்பாளர், ஆசிரியர் ஆகியோருக்கு உடல்மொழியே வேலையின் பகுதி அல்லவா? ஆமாம். அப்படியானால் அந்த வேலையையே செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆசிரியராக வருபவர் பத்து நிமிடம் பாடம் நடத்தட்டும். விற்பனைக்கு வருபவர் கோபமாக வரும் ஒரு வாடிக்கையாளரைச் சமாளிக்கட்டும். தேர்வுக்குழு முன்னால் மாணவர் காட்டும் பணிவும், தன்னிடம் உதவி கேட்டு வந்தவரிடம் அவர் காட்டும் முகமும் ஒன்றல்ல. கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்று, நாள் முழுக்க ஆட்களோடு கலகலப்பாகப் பேசும் இளைஞர் அதிகாரி முன் வாயடைத்துப் போவது அன்றாடம் நடப்பது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் ஸோகோ நிறுவனம், 2005இல் தொடங்கிய தன் பயிற்சிப் பள்ளியில் பட்டம் கேட்காமல் பள்ளிப் படிப்பையோ டிப்ளமாவையோ முடித்தவர்களைச் சேர்த்து, வேலை கற்றுக்கொடுத்து எடுத்துக்கொள்கிறது. ஒரு நிறுவனம் இப்படிச் செய்வதால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் செய்துகாட்டும் திறமைக்கு முதலிடம் கொடுப்பது இந்த மண்ணிலேயே நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து வெகுதூரம் போக வேண்டியதில்லை.

‘நிறுவனங்கள் நாளைக்கே மாறிவிடாது, அடுத்த வாரம் தேர்வு இருக்கிறது, பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?’ என்று கேட்கும் ஆசிரியரின் கவலை உண்மையானது. சொல்ல வேண்டியவை உண்டு, சான்றோடு சொல்லக்கூடியவை. முதலாவது குரல். ஜூலியானா ஷ்ரோடரும் நிக்கலஸ் எப்லியும் 2015இல் வெளியிட்ட சோதனைகளில், வேலை கேட்டுப் பேசியவர்களின் பேச்சை எழுத்தில் படித்தவர்களைவிடக் குரலில் கேட்டவர்கள் அவர்களைக் கூடுதல் அறிவுள்ளவர்களாகக் கருதினார்கள். காணொலியைச் சேர்த்துக் காட்டியது அதற்கு மேல் பெரிதாக எதையும் கூட்டவில்லை. கையை எங்கே வைப்பது என்று தவிப்பதைவிட, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காமல் பேசப் பழகுவது நல்ல முதலீடு. இரண்டாவது, பதற்றம் பற்றிய உண்மை. தாம் பதறுவது எதிராளிக்கு அப்படியே தெரிகிறது என்று மனிதர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் நினைப்பதைவிடக் குறைவாகவே அது தெரிகிறது என்பதைத் தாமஸ் கிலோவிச்சும் கென்னத் சாவிட்ஸ்கியும் காட்டினார்கள். 2003இல் அவர்கள் செய்த சோதனையில், இந்த உண்மையை முன்பே சொல்லி மேடை ஏற்றப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உள்ளங்கை வியர்ப்பது உனக்குத்தான் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்ற ஒரு வாக்கியம், பத்து உடல்மொழி விதிகளைவிட உதவும். மூன்றாவது, கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தொடங்குவது, யோசிக்கும்போது பார்வையை எடுத்துக்கொள்வது, முடிக்கும்போது திரும்ப அவரைப் பார்ப்பது. அவ்வளவு போதும். யோசிக்க நேரம் வேண்டுமானால், ‘ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன் சார்’ என்று வாயால் சொல்லிவிட்டால் மௌனம் தயக்கமாகப் படிக்கப்படாது.

இவற்றைக் கற்பிக்கும் தொனியும் முக்கியம். வீட்டில் ஒரு தமிழும் மேடையில் ஒரு தமிழும் பேசுவது நமக்குப் புதிதில்லை; வீட்டுத் தமிழைக் குறை என்று யாரும் மாற்றிக்கொள்வதில்லை. தேர்வறைப் பழக்கத்தையும் அப்படி இரண்டாவதாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். கைகட்டி நிற்பது உன் கோளாறு, அதை விடு என்று சொன்னால், அந்த மாணவர் ஊருக்குத் திரும்பித் தாத்தா முன் நிற்கும்போது எதைச் செய்வது என்று குழம்புவார். தன் வீட்டைப் பற்றி வெட்கப்படவும் கற்றுக்கொள்வார். 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் போன்ற திட்டங்கள் வழியாக இப்படிப்பட்ட பயிற்சி கிராமப்புறக் கல்லூரிகளுக்குள் வந்திருப்பது நல்லது. அந்தப் பயிற்சியின் உள்ளடக்கம் 55 சதவீதக் கணக்கோடு நின்றுவிடக் கூடாது.

ஒரு மாற்றத்தை இந்தக் கல்வியாண்டிலேயே, செலவில்லாமல் செய்யலாம். மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தும்போது மாணவர்களையே தேர்வுக்குழுவாக உட்காரவைத்து, ஒரே மாணவரை இரண்டு முறை கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். முதல் சுற்றில் குழு கோப்பிலிருந்து தலை நிமிராமல் கேள்வி கேட்கட்டும். இரண்டாம் சுற்றில் வணக்கத்துக்கு வணக்கம் சொல்லி, பெயரைச் சரியாக உச்சரித்து, எல்லாருக்கும் கேட்கும் அதே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே தனித்தனியாக மதிப்பெண் குறித்துக்கொள்ளட்டும். வரிசையால் முடிவு மாறிவிடாதபடி, அடுத்த மாணவருக்குச் சுற்றுகளை மாற்றி நடத்த வேண்டும். பிறகு குழுவை மறைத்துவிட்டு, மாணவர் தெரியும் பகுதியை மட்டும் வேறொரு வகுப்புக்குக் காட்டி மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடையே வரும் வித்தியாசம் அந்த மாணவருடையது அல்ல என்பதை வகுப்பு முழுவதும் தன் கண்ணாலேயே பார்க்கும். வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்தாருக்கும், தங்கள் பட்டியலை எடுத்து மேசையில் வைக்கும் முன்பு, அந்தப் பதிவைப் போட்டுக் காட்டலாம்.